காலிப் புட்டியின் வாசனை

ஜூன் 28

எதை எழுதத் தொடங்கினாலும் முதலில் சுருக்கம் எழுதிக்கொள்வது என் வழக்கம். கல்லூரியில் விலங்கியல் நடத்திய காலத்திலும் கரும்பலகையில் எண் போட்டு எழுதிவிட்டுத்தான் மாணவர்கள் பக்கம் திரும்புவேன். திரும்பப் பயம் என்பதும் ஒரு காரணம்.

என் மனைவி அமலோற்பவத்துக்கு மூளைத்தண்டின் இடப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று மூக்கில் குழாயோடு வீட்டுக்கு அழைத்து வந்தோம். மண்டையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளில் எவை நலம், எவை நலமில்லை என்று நானே சோதித்து எழுதப்போகிறேன். நான் மருத்துவன் அல்ல. சுறாவின் மண்டையை அறுத்து மாணவர்களுக்கு நரம்பு காட்டியே முப்பத்தைந்து வருஷம் கழித்தவன். சுறாவுக்குப் பத்து ஜோடிதான். மீதி இரண்டும் எனக்குப் புத்தகப் பழக்கம் மட்டுமே. இதைச் சொல்லிவிட்டு:

1. முதல் நரம்பு, முகர்வது. போய்விட்டது. வாசலில் கால் வைத்ததுமே "மீன் அழுகிக் கெடக்கு" என்றாள். அப்படி ஒன்றும் இல்லை. சோதித்து உறுதி செய்ய வேண்டும்.
2. இரண்டாவது, பார்வை. நலம்.
3. மூன்று, நான்கு, ஆறு. கண்ணை உருட்டுபவை. நலம். என்னை முறைக்க மூன்றும் ஒத்துழைக்கின்றன.
4. ஐந்து, முகத்தின் உணர்ச்சி. இடக் கன்னத்தில் ஐஸ் கட்டி வைத்தாலும் குளிர் தெரியவில்லை.
5. ஏழு, முகத்தின் அசைவு. நலம்.
6. எட்டு, கேட்பதும் தடுமாறாமல் நிற்பதும். காது நலம். எழுந்து நின்றால் இடப்பக்கம் சாய்கிறாள்.
7. ஒன்பதும் பத்தும், விழுங்குவதும் குரலும். இடப்பக்கம் வேலைநிறுத்தம். எங்கள் கவலை முழுவதும் இந்தப் புள்ளியில்தான்.
8. பதினொன்று, தலையைத் திருப்புவதும் தோளைக் குலுக்குவதும். நலம்.
9. பன்னிரண்டு, நாக்கு. நலத்துக்கும் மேலே.

ஜூன் 29

காலையில் கஞ்சியை மிக்ஸியில் அடித்து, துணியில் வடிகட்டி, சிரிஞ்சு வழியாகக் குழாயில் விட்டேன். மாத்திரைகளைப் பொடித்துக் கரைத்தேன். சாய்ந்து உட்கார வைத்து அரை மணி நேரம் படுக்கவிடக் கூடாது. அந்த நேரத்தில் டார்ச்சு அடித்து வாயைத் திறக்கச் சொன்னேன்.

"ஆ சொல்லு, அமலி."

"ஆ."

அண்ணத்தின் வலப்பாதி மட்டும் மேலே எழும்பியது. உள்நாக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. பத்தாவது நரம்பு இடப்பக்கம் செயலிழந்தால் இப்படித்தான் ஆகும். மண்டையில் புறப்பட்டுத் தொண்டை, இதயம், வயிறு என்று எங்கும் போய்வரும் நரம்பு அது. வகுப்பில் அதை ஊர்சுற்றி நரம்பு என்பேன். சொன்னேன்.

"ஊர்சுற்றியா? உம்ம மவன் மாதிரி பெங்களூருல போயி உக்காந்துகிட்டு, ஆத்தாவுக்கு ஒரு வாய் கஞ்சிக்கு வழியில்லாமப் பண்ணிருச்சாக்கும்."

காற்றுப் போன குரல். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் ஊரையே அதட்டிய குரல் இது. பிரியம் மிகுந்தாலும் கோபம் மிகுந்தாலும் என்னை 'நீரு', 'உம்ம' என்பாள். இது எதன் மிகுதி என்று தெரியவில்லை.

மகன் எட்வின் விடுப்பில் வந்து பக்கத்து அறையில்தான் இருந்தான். கேட்டிருப்பான்.

ஜூலை 1

முதல் நரம்புச் சோதனை. முறையாகச் செய்தேன். ஒரே அளவில் மூன்று புட்டிகள். ஒன்றில் காபித்தூள், ஒன்றில் கிராம்பு, மூன்றாவது காலி. பழைய கல்லூரிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கழுவிய புட்டிகள். கண்ணை மூடச் சொல்லி, குழாய் இல்லாத நாசியருகே ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

முதலாவது: "காபி. பழைய தூளு. பூஞ்சை பிடிச்சிருக்கு." பூஞ்சை எதுவும் கண்ணுக்குப் படவில்லை. பாதி மதிப்பெண்.

இரண்டாவது: "கிராம்பு."

மூன்றாவதை, காலியை, நீட்டினேன். முகத்தைச் சுளித்துத் தள்ளினாள்.

"உம்ம லேப் நாத்தம். கல்யாணமான புதுசுல சட்டையோட கொண்டாருவீரே, அதேதான்."

காலிப் புட்டியில், செத்த உயிரைக் கெடாமல் வைக்கும் பார்மலின் வாசனை! நானும் மூக்கருகே வைத்து நன்றாக இழுத்துப் பார்த்தேன். எதுவும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் பார்மலின் தொட்டியைத் திறந்தால் மாணவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடுவார்கள். இந்த லேசான வாசனைக்கா இந்த ஓட்டம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. அடைப்பு பின்னால், மூளைத்தண்டில். முகர்வு நரம்பு முன்னால், மூக்குக்கு மேலே. பின்னால் அடைத்தால் முன்னால் எப்படிக் கெடும்? என் படிப்பில்தான் எங்கோ கோளாறு. முதல் புள்ளி உறுதி என்று எழுதிக்கொண்டேன்.

ஜூலை 3

பால் அடிப்பிடித்துவிட்டது. "டாடி, வீடு பூரா தீஞ்ச வாடை, பக்கத்துலயே நிக்கீங்க!" என்றான் எட்வின். கவனம் வேறெங்கோ இருந்தது என்றேன். பிறகு அவன் ஃப்ரிட்ஜை முழுக்கக் காலி செய்து சோப்புப் போட்டுக் கழுவினான். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 5

டாக்டர் வைகுண்டமூர்த்தியிடம் மூவரும் போனோம். நிதானமான மனிதர். அறிக்கைகளைப் புரட்டிவிட்டு என்னிடம் சொன்னார்.

"மச்சாது சார், மூக்குக் குழாய் நெடுநாள் வேண்டாம். வயித்துல சின்னதா ஓட்டை போட்டு நேரா ஒரு குழாய் வச்சிரலாம். வாய் வழியா குடுத்தா நுரையீரலுக்குப் போய் காய்ச்சல் வந்துரும்."

"வேண்டாம்," என்றாள் அமலி.

"நிரந்தரம் இல்லம்மா. முழுங்க வந்துட்டா எடுத்துரலாம்."

"வாயில ஒண்ணுமே வைக்காம இருந்தா முழுங்க எப்படி வரும்? மொதல்ல எனக்கு முழுங்க வருதான்னு பாருங்க. பொறவு வயித்தக் கிழிங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "வீட்ல எப்படி இருக்காங்க சார்? பேச்சு, நினைவு எல்லாம்?"

ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்று, எழுதி வைத்திருந்த ஒன்பது புள்ளிகளையும் வரிசையாகச் சொன்னேன். முதலாவதைச் சொன்னதும் அவர் பேனா நின்றது.

"இல்லாத வாசனையா? அடிக்கடியா?"

"சோதிச்சே பாத்தேன் டாக்டர்."

"அப்ப கொஞ்சம் குழப்பம் இருக்கு. அம்மா வேண்டாம்னு சொல்றத அப்படியே எடுத்துக்க முடியாது. நீங்களும் தம்பியும் பேசி முடிவு பண்ணுங்க."

அமலி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டினேன். என் பதினோராவது நரம்பு வாழ்நாளெல்லாம் பயிற்சி பெற்றது. ஐந்து கல்லூரி முதல்வர்களிடம் தலையாட்டியிருக்கிறேன்.

ஜூலை 6

"ஏன் வாத்தியாரே, எனக்குக் கிறுக்குன்னு டாக்டருகிட்ட சொல்லிக் குடுத்துட்டீரா?"

"நான் அப்படிச் சொல்லல. முதல் நரம்புன்னு மட்டும்தான்..."

"முதல் நரம்பு! எக்ஸ்சேஞ்சில மணி அடிச்சா, எடுக்கும் முன்ன எந்த ஊருன்னு சொன்னவ நானு."

"அது எட்டாவது நரம்பு," என்றேன்.

தலையணை பறந்து வந்து என் கண்ணாடியைத் தட்டிவிட்டது. குறி தப்பவில்லை. இரண்டு, மூன்று, நான்கு, ஆறு: நலம்.

பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். குழாயில் கஞ்சி விடும்போதுகூட என் கையைப் பார்க்கவில்லை.

ஜூலை 8

மருத்துவமனையின் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டேன். வயிற்றுக் குழாய் 15ஆம் தேதி.

எட்வின் மேல் குறை சொல்ல மாட்டேன். "டாடி, நான் போன பிறகு மம்மிக்குப் புரையேறி ஏதாவது ஆயிட்டா நீங்க ஒத்தையில என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

கட்டிலிலிருந்து அமலி கேட்டாள்: "கையெழுத்துப் போடுத நரம்பு எத்தனாவது?"

இரண்டு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் சொல் என்பதால் ஆர்வமாகச் சொன்னேன். "அது மண்டை நரம்பு இல்ல அமலி. கழுத்துத் தண்டுவடத்திலேருந்து வருது."

"அதானே பாத்தேன். மண்டைக்குச் சம்பந்தமில்லாமத்தான் போட்டிருக்கீரு."

ஜூலை 9

வாயில் ஊறும் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் டம்ளரில் துப்புகிறாள். அவள் வாழ்க்கையில் எதையும் துப்பியவள் அல்ல.

பழைய உடற்கூறு நூலை எடுத்தேன். தொண்டையின் இரு பாதிகளில் ஒன்று மட்டும் தளர்ந்திருந்தால், தளர்ந்த பக்கம் முகத்தைத் திருப்பி விழுங்கலாம். அந்தப் பாதி மூடிக்கொள்ளும், உணவு நல்ல பாதி வழியாக இறங்கும். என் கையெழுத்தில் ஓரக்குறிப்பும் இருக்கிறது: 'சரியா? பார்க்கவும்.' முப்பது வருஷமாகப் பார்க்கவில்லை.

அவளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். உணவு கிடையாது, எச்சில் மட்டும், நிமிர்ந்து உட்கார்ந்து. அவள் இடப்பக்கம், சுவர்ப் பக்கம், முகத்தைத் திருப்பினாள். தொண்டைக்குமிழ் ஏறி இறங்கியது. இருமல் இல்லை. "ஆ" சொல்லச் சொன்னேன். குரலில் ஈரக் கரகரப்பு இல்லை.

மறுபடி செய்தாள். மறுபடியும் இறங்கியது. இது எதையாவது நிரூபிக்கிறதா என்று எனக்கு நிச்சயமில்லை. அவளுக்கு நிச்சயம்.

"சுவத்தப் பாத்து எத்தன நாளு முழுங்குறது? கட்டில இழுத்துப் போட்டு இந்தப் பக்கம் வந்து உக்காரும்."

கட்டிலை இழுத்தேன். நாற்காலியை அவளுக்கு இடப்பக்கம் போட்டேன். இனி விழுங்க வேண்டுமானால் என்னைப் பார்த்தாக வேண்டும்.

ஜூலை 11

எட்வின் மருந்து வாங்கப் போயிருந்தான். அடுப்பில் கஞ்சியை வைத்துவிட்டு வந்து அவளருகே உட்கார்ந்திருந்தேன். மாலை ஜெபத்துக்கு நேரமாயிற்று என்று மாதா படத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்ற எழுந்தேன்.

"கேஸ் வருது," என்றாள்.

நின்று முகர்ந்து பார்த்தேன். இல்லை. "ஒண்ணுமில்ல அமலி," என்றேன். இந்த நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும் என்றுகூட நினைத்தேன். தீப்பெட்டியைத் திறந்தேன்.

"வாத்தியாரே, உரசாதேயும்!"

அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. பழைய குரல். அதோடு அவளும் வந்தாள். ஐந்து வாரமாக ஆள் பிடிக்காமல் நிற்காதவள், கட்டிலை விட்டு எழுந்து, இடப்பக்கம் சாய்ந்து, பீரோவில் மோதி, என் கையை ஓங்கி அடித்தாள். குச்சிகள் தரையெங்கும் சிதறின. அவள் நிற்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது ரெகுலேட்டரை மூடிவிட்டு, சிலிண்டரைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். கஞ்சி பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. அடுப்பின் திருகு திறந்தபடி இருந்தது.

மாடி வீட்டு இசபெல் செருப்பில்லாமல் ஓடிவந்தாள். "மச்சாது சார்! மாடி வரைக்கும் கேஸ் நாறுது, உள்ள உக்காந்துகிட்டு என்ன செய்யுதீங்க? ஜன்னலத் திறங்க!"

திறந்தேன்.

"லைட்டுப் போடாத இசபெல்லு," என்றாள் தரையிலிருந்த அமலி. "சாரு முதல் நரம்பு சோதிக்காரு."

ஜூலை 12

மூன்று புட்டிகளையும் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, இடம் மாற்றி வைத்து, நானே ஒவ்வொன்றாக முகர்ந்தேன். முடிவை இன்று எழுதவில்லை.

ஜூலை 13

டாக்டர் அறைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை உள்ளுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. மிஞ்சியதைச் சொன்னேன்.

"டாக்டர், நான் போட்ட கையெழுத்தைத் திருப்பி வாங்கிக்க வந்திருக்கேன்."

"டாடி!" என்றான் எட்வின்.

டாக்டர் பொறுமையாகவே பேசினார். "சார், உங்க கஷ்டம் புரியுது. ஆனா அம்மா குழப்பத்துல சொல்றத வச்சு..."

வழக்கப்படி இந்த இடத்தில் நான் தலையாட்ட வேண்டும். தலை ஆடவில்லை.

"குழப்பம் இல்லை. அவ சொன்ன வாசனை எல்லாமே இருந்துச்சு. ஃப்ரிட்ஜில மீன் இருந்துச்சு, எட்வினைக் கேளுங்க. புட்டியில பார்மலின் இருந்துச்சு. முந்தாநாள் வீடு நிறைய கேஸ் இருந்துச்சு. அவ வேண்டாம்னு சொன்னாளே, அதுவும் இருக்கு டாக்டர். அது இல்லாத சொல் இல்லை."

இரண்டு கையையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

டாக்டர் எட்வினைப் பார்த்தார். அவன் மெதுவாகச் சொன்னான்: "மீன் இருந்தது சார். கரண்ட் போயி அழுகியிருந்தது. நான்தான் எடுத்துப் போட்டேன்."

"அப்ப நீங்க ஏன் சார் இல்லைன்னு சொன்னீங்க?"

"எழுதித் தாரேன்," என்றேன். பக்கத்தில் அமலியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு குரல்நாண் மட்டுமே அதிர்கிற, காற்றுப் போன சிரிப்பு.

டாக்டர் அவளிடம் நேராகக் கேட்டார். இதுவரை எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார். "எக்ஸ்ரே வச்சு முழுங்கப் பாக்கலாம்மா. வரலைன்னா?"

"வரலைன்னா நானே வயித்தக் காட்டுதேன். இந்த மனுசன்கிட்ட கையெழுத்துக் கேக்க வேண்டாம்."

"சரி," என்றார் டாக்டர்.

ஜூலை 17

எக்ஸ்ரே அறை. வெள்ளை மாவு போன்ற கரைசலைக் கெட்டியாக ஒரு கரண்டி கொடுத்தார்கள். நாங்கள் கண்ணாடிக்கு இப்புறம் நின்று திரையைப் பார்த்தோம். முகத்தை நேராக வைத்து விழுங்கினாள். வெள்ளைக் கோடு தொண்டையில் தேங்கி, ஒரு சொட்டு மூச்சுக்குழாய்ப் பக்கம் வழிந்தது. இருமினாள். எட்வின் கண்ணை மூடிக்கொண்டான். டாக்டர் போதும் என்பதுபோலக் கையைத் தூக்கினார்.

"இடப்பக்கம் திரும்பச் சொல்லுங்க," என்றேன்.

"சார்?"

"தலையை இடப்பக்கம் திருப்பி முழுங்கச் சொல்லுங்க. ஒரு தடவை."

நான் சத்தம் போட்டிருக்க வேண்டும். நர்சுகூடத் திரும்பினார். இதே சத்தத்தில் நான் வகுப்பு எடுத்திருந்தால் கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும்.

டாக்டர் மைக்கை எடுத்தார். ஒலிபெருக்கியில் அவரே சொன்னார். அவள் திரும்பினாள். கோடு வலப்பக்கமாக வளைந்தது, இறங்கியது, மறைந்தது. சொட்டு இல்லை. இருமல் இல்லை.

"இன்னொரு கரண்டி," என்றார் டாக்டர். அதுவும் இறங்கியது.

வெளியே வந்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கெட்டியானது மட்டும், சிறு சிறு வாயாக, ஒவ்வொரு வாய்க்கும் திரும்பி. தண்ணீருக்கு மூக்குக் குழாய் இன்னும் சில வாரம் இருக்க வேண்டும். காய்ச்சல் கண்டால் உடனே வர வேண்டும். வயிற்றுக் குழாய் இப்போதைக்கு வேண்டாம்.

முழு வெற்றி இல்லை. ஆட்டோவில் ஏறியதும் அமலி கேட்டது: "சுறாப் புட்டு எப்ப?"

ஜூலை 26

இன்று மாதா கோவிலில் கொடியேற்றம். வேட்டுச் சத்தம் வீடு வரை கேட்டது. எட்வின் நேற்றிரவு பெங்களூர் போய்விட்டான். போகுமுன் அடுக்களையில் கேஸ் கசிந்தால் கத்தும் பெட்டி ஒன்றை மாட்டினான். "மம்மி தூங்கும்போது இது பாத்துக்கும் டாடி," என்றான். அவன் நல்ல பிள்ளை.

சுறாப் புட்டு உதிரியாக இருக்கும், தொண்டையில் சிதறும் என்று மறுத்துவிட்டேன். இப்போது எனக்கு மறுக்கக்கூட வருகிறது. ஒரு மணி நேரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, வெந்த சுறாவைத் தேங்காய்ப்பாலில் வெண்ணெய் போல அரைத்துத் தருவது என்று முடிவாயிற்று. இசபெல் கிண்ணத்தில் மூடிக் கொண்டுவந்தாள்.

"வாத்தியார் ஆயுசு பூரா அறுத்த மீனு," என்றாள் அமலி. "ஒரு நாளாவது தின்னச் சொல்லிக் குடுத்தாரா?"

மூடியைத் திறந்ததும் அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள்.

"பூண்டு கொஞ்சம் கருகிருச்சு இசபெல்லு."

"அக்கா, மூக்குல குழாயோட இருந்தும் இப்படியா!" என்று இசபெல் தலையில் அடித்துக்கொண்டாள்.

நானும் கிண்ணத்தின் மேல் குனிந்தேன். சூடான ஆவி முகத்தில் பட்டது. ஐந்தாவது நரம்பு அதைச் சொன்னது. அதற்கு மேல் வேறெந்த நரம்பும் எதையும் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷம் பார்மலின் தொட்டிக்கு மேல் குனிந்த மூக்கு. வாசனை என்றைக்குப் போனது என்றே எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடப் பையன்போலக் கேட்டேன்: "எப்படி இருக்கு, அமலி? வாசனை."

அவள் என்னைப் பார்த்தாள். முறைக்கவில்லை.

"சீரகம் மொத வருது. பொறவு தேங்காப்பாலு. அடியில கடல் இருக்கு. மழைக்கு முன்ன துறைமுகத்துல நிக்கும்போது வருமே, அது." கரண்டியை என் பக்கம் நகர்த்தினாள். "இனிமே என்கிட்ட கேட்டுக்கிடும்."

அரைக் கரண்டி ஊட்டினேன். இடப்பக்கம், என் பக்கம், திரும்பினாள். விழுங்கினாள். "ஆ" என்று அவளாகவே சொன்னாள். சுத்தமான ஆ.

டாக்டருக்கு எழுதித் தருவதாகச் சொன்னதை இங்கே முதலில் எழுதிப் பார்க்கிறேன். நாளை நல்ல தாளில் படி எடுத்துக் கொடுப்பேன்.

இந்த நோட்டின் தொடக்கத்தில் கொடுத்த ஒன்பது புள்ளிகளில் எட்டு நிற்கின்றன. முதலாவது தவறு. முதல் நரம்பு போய்விட்டது என்று எழுதியது சரிதான். யாருடையது என்று எழுதியதில்தான் பிழை.